அண்ணன் கொடுத்த ரத்தம்

மகன் பிறந்த அன்று எனக்கு உதிரம் நிற்கவில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் போட்டு, நோர்வூட் வழியாக டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டேன் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரின் ரத்தம் சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது.

அண்ணன் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அனுராதபுரம் பக்கம் காடு வெட்டப் போய், குளிர்காய்ச்சலோடு திரும்பியிருந்தான். தேறியும் விட்டான். என் கட்டிலருகில் நின்று டாக்டர் அவனிடம் கேட்டார். "காய்ச்சல் ஏதும் வந்திச்சா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் அவன் காதருகே குனிந்தார். "சொல்லிராதீங்க மச்சான். வேணாம்னுருவாங்க. இவ போயிருவா."

அண்ணன் என்னைப் பார்த்தான். "இல்லீங்கய்யா" என்றான்.

பிழைத்தேன். வீடு வந்து சில வாரங்களில் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தியும் பல் கிட்டியது. பிள்ளை பெற்ற காய்ச்சல் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பால் வற்றிப் போனது. பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிப் போனான்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "மலேரியா. இந்தக் குளிர்ல, மலை மேல இருக்கிறவளுக்கு எப்படி வந்திச்சு?" என்று கேட்டுவிட்டு, ரத்தம் கொடுத்த அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் மறைக்கவில்லை. வார்டே பார்க்க அவனைத் திட்டித் தீர்த்தார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மாத்திரையில் காய்ச்சல் விட்டது. மாமியாரின் வாய் விடவில்லை. "கூடப் பொறந்தவளுக்கே வெசத்த ஏத்திட்டான்" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொன்னார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னேன். "அண்ணன் மேல பழி போடாதீங்க அத்தை. சொல்லாதீங்கன்னு தடுத்தது உங்க மகன்தான். நான் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

மாமியார் மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளுக்கு அப்ப நெனவே இல்லம்மா" என்றார்.

படுக்கும்போது கேட்டேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லலன்னா நீ இன்னிக்கு இருக்கமாட்ட" என்றார். அது உண்மைதான். அதைத் தன் தாயிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

மகனுக்குக் காது குத்திய நாளில் தாய்மாமன் மடியில் பிள்ளையை வைக்க விடவில்லை. புதுச் சட்டையோடு வந்த அண்ணனை மாமியார் வாசலோடு நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள். அண்ணன் சட்டையை என் கையில் கொடுத்து, "சண்ட போடாத, நீ இங்கதானே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை.