மேஸ்திரி சாப்பிடவில்லை

பெண்கள் விடுதியில் சமைக்கிற அந்த அம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உப்புப் போடக் கரண்டி எடுத்து அவளை யாரும் பார்த்ததில்லை. கை போகும், உப்பு விழும், சரியாக இருக்கும். விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற பெண்களில் ஒருத்திக்கு உறைப்பு ஆகாது, இன்னொருத்திக்கு வெங்காயத்தைக் கண்ணால் காணக் கூடாது. அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தியையும் முகம் சுளிக்க விடாமல் வைத்திருந்தாள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? வாயும் சும்மா இருக்காது. "தட்டுல மிச்சம் வச்சா நாளைக்கு அதையே சூடு பண்ணிப் போடுவேன், பாத்துக்கோ" என்பாள். போடமாட்டாள். ஆனாலும் மிச்சம் வைக்கப் பயப்படுவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. வீட்டில் பேச்சு அவள் புருஷனுடையது. அதற்காக அவர் பெரிய பேச்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். துணி மூட்டைகள் அடுக்கி வைத்த ஒரு கிடங்குக்கு இரவுக் காவல் பார்த்தார். "ம்", "சரி", "ஆகட்டும்" என்ற இவ்வளவுக்குள் ஒரு குடும்பத்தையே நடத்தி முடித்த மனுஷன். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அடித்தொண்டையில் கிளம்பி, கேட்பவர் நெஞ்சில் வந்து உட்காரும்.

கிடங்கில் அவர் முன்பு ஒரு நாய் வைத்திருந்தார். யாரோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விஷம் தடவிய இறைச்சியை வீசினார்கள். விடிந்து பார்த்தால் நாயும் போயிருந்தது, பாதி மூட்டைகளும் போயிருந்தன. வேலை தப்பியதே பெரிய காரியம். அதற்குப் பிறகு அவர் தூக்கி வந்த குட்டிதான் மேஸ்திரி. அந்தப் பெயரை வைத்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி. வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சாமானையும் மோந்து பார்த்துவிட்டு, ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை என்கிற முகத்தோடு வாசலில் உட்காருமாம் அது. அப்படிப்பட்ட குட்டிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

மேஸ்திரியை அவர் பழக்கிய விதம் ஒன்று உண்டு. கிண்ணத்தில் சோற்றையும் கறியையும் போட்டுக் கீழே வைப்பார். குட்டி வாயைக் கொண்டுபோனால் மூக்கில் ஒரு சுண்டு. மறுபடி கொண்டுபோனால் மறுபடி சுண்டு. அது சோர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கும்போது, "ஆகட்டும்" என்பார். அப்போதுதான் சாப்பாடு. கொஞ்ச நாளில், இறைச்சியை மூக்கின் மேலேயே வைத்தாலும் அவர் குரல் கேட்காமல் அது அசையாது என்று ஆகிவிட்டது. எச்சில் மட்டும் நூலாக இறங்கும்.

"பாவம்ங்க, வாயில்லா ஜீவன்" என்றாள் அவள்.

"வாய் இருந்ததாலதான முன்னது செத்துச்சு" என்றார் அவர்.

காலையில் கிடங்கு வேலை முடிந்து அவரும் மேஸ்திரியும் வருவார்கள். சமையலறை வாசலை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி, அதில் அவர் உட்காருவார். மேஸ்திரியின் கிண்ணம் வரும். ஆகட்டும். பிறகு அவர் தட்டு வரும். சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பி இன்னொரு ஆகட்டும். அது அவளுக்கு. அப்புறம்தான் அவள் தனக்குத் தட்டு எடுப்பாள்.

"மேஸ்திரிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா அக்கா?" என்று தையல்காரி ஜன்னல் வழியாகக் கிண்டல் பண்ணுவாள். ஒற்றைச் சந்து அது. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இந்தச் சமையலறை முழுக்கத் தெரியும்.

"போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி தனியாக வந்தது. நேரே போய்க் காலிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்தது. குரைக்கவில்லை, ஊளையிடவில்லை. கிடங்கு ஆட்கள் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று சொல்வதற்கு முன்னாலேயே அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். வீடு காலியான பிறகுதான் கிண்ணத்தைக் கவனித்தாள். யார் யாரோ போட்ட சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. கழுவிப் புதிதாகப் போட்டாள். மேஸ்திரி கிண்ணத்தைப் பார்த்தது, நாற்காலியைப் பார்த்தது, முகவாயைத் தரையில் வைத்துக்கொண்டது.

"ஆகட்டும்டா" என்றாள். காதைக்கூட அசைக்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், ஊட்டிவிடப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பாலைத் துணியில் நனைத்துப் பிழிந்தால் வாயோரம் வழிந்தது. தண்ணீர் மட்டும் குடித்தது, தண்ணீருக்கு அவர் உத்தரவு போட்டதில்லை. அவர் குரல் எதிலாவது பதிவாகியிருக்கிறதா என்றும் தேடினாள். பட்டன் போனை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். இவர்கள் கல்யாண வீடியோவில்கூட ஒரு வார்த்தை பேசாமல் நின்றவர்.

கால்நடை டாக்டர் ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். "நோய் ஒண்ணும் இல்லம்மா. எப்படியாவது சாப்பிட வைங்க. இப்படியே விட்டா தாங்காது" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். புருஷன் செத்தபோது அழாத அழுகை அது. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் மூச்சு விடுகிற இன்னொன்று இல்லை.

கொழுந்தனுக்கு அண்ணன் குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆள் அனுப்பி வரவழைத்தாள். அவர் வந்து, அண்ணன் நாற்காலியில் கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகட்டும்" என்றார். அச்சு அசல் அதே குரல். அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. மேஸ்திரி தலையைத் தூக்கி, எழுந்து, கொழுந்தனின் காலருகே போய் மோந்து பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

"அண்ணி, இது என்னைய ஏமாத்துக்காரன்னு பாக்குது" என்றார் அவர். அன்றைக்கு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதியம். விடுதிக்குக் கிளம்புவதற்கு முன்னால், கடமைக்குக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், கிண்ணம் காலி. நக்கித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மேஸ்திரி மூக்கை நக்கிக்கொண்டு வாலை ஆட்டியது.

கையில் இருந்த ஈரத்தைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏய், சாப்பிட்டுடுச்சுடி! நீ எதாவது பண்ணியா?"

தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. "நான் என்ன பண்ணேன்? உங்க வீட்டுக்காரர்தான் சத்தம் குடுத்தாரே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஊசி துணியில் குத்தியபடி நின்றது. "ஐயோ... அக்கா. பழக்கத்துல... காதுல விழுந்துச்சுக்கா. எப்பவும் விழறதுதானேன்னு தச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

"உன் கொழுப்பு உன்னை விட்டுப் போகாதுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். இரும்பு நாற்காலியைப் பார்க்காமல் பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள்.

அன்றிலிருந்து மேஸ்திரி சாப்பிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை. அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் தொடாது. முதுகைக் காட்டி எதாவது வேலையில் ஆழ்ந்துவிட்டால், பின்னால் சளப் சளப் என்று சத்தம் வரும். அவள் காதில் வேறு எதுவும் விழவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா? நாயின் விலா எலும்பு மறைய மறைய அவளுக்கு வீட்டில் கால் வைக்கவே கூசியது. கடைசியில் தையல்காரியைக் கூப்பிட்டாள். "நீ வந்து உக்காந்து பாருடி. என்னன்னு பாத்துச் சொல்லு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு."

தையல்காரி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். இவள் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பி நின்று வெங்காயம் அரிந்தாள். கொஞ்ச நேரத்தில் சளப் சளப். திரும்பினாள். தையல்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருடி? யாரு சொன்னது?"

"நீங்கதான்க்கா."

"என்னடி உளர்ற?"

"சத்தியமா நீங்கதான். அதச் சொல்றப்ப அவருக்குத் தோள் ரெண்டும் ஏறுமே, அப்படியே உங்களுக்கும் ஏறிச்சு. உங்க வாய்லேருந்துதான் வந்துச்சு. ஆனா குரல் உங்க குரல் இல்ல." தையல்காரி எழுந்து வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டாள். பயந்தவள் ஓடியிருக்கலாம், ஓடவில்லை. இவளையே உற்றுப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாய் தேறிடுச்சு. நீங்க ஏன் இப்படிக் காஞ்சு போயிட்டீங்க? கடைசியா எப்ப சாப்டீங்க?"

"சாப்பிடாமலா இருக்கேன்? விடுதியில ருசி பாக்கறேன், டீ குடிக்கறேன்..."

"தட்டு போட்டு உக்காந்து எப்ப சாப்டீங்க?"

ரவிக்கை தோளில் தொங்குவதும், விடுதிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டதும், அண்டாவை இறக்கும்போது கண் இருட்டியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. துக்கம் என்று நினைத்திருந்தாள். பசி வந்தால் தானே சாப்பிடுவோம் என்று நினைத்திருந்தாள். தையல்காரி போன பிறகும் வெங்காயத்தின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பளீரென்று வெயில் அடிக்கிற நேரம். சோறு வடித்து, பருப்பு வைத்து நெய் விட்டு, ஒரு முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மேஸ்திரி தன் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி. சோற்றைப் பிசைந்தாள். கை வாய்க்குக் கிட்டே வந்தது, நின்றது. நெய் வாசனை மூக்கில் ஏறுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, கை மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. அப்போதுதான் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது.

"அடப் பாவி மனுஷா" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "அது நாய். குட்டியா எடுத்துட்டு வந்து பழக்குன. என்னைய எப்பய்யா பழக்குன? என் மூக்குல நீ ஒரு தடவகூடச் சுண்டலையேய்யா!" ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எத்தனை பேருக்கு வடித்துக் கொட்டிய கை, தன் வாய்க்கு ஒரு கவளம் கொண்டுபோக உத்தரவு கேட்கிறது! சீ என்று ஆகிவிட்டது. நாய்க்காகத் தன் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்த அந்தக் குரலை இனி வெளியே விடுவதில்லை என்று முடிவு பண்ணினாள். கொடியில் அவர் கை துடைத்த துண்டு இன்னும் தொங்கியது. அதை இழுத்துச் சுருட்டித் தன் வாயில் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். கை தானாக ஏறும்வரை இப்படியே இருப்பது, ஏறிய பிறகுதான் துண்டை எடுப்பது. அதுவரைக்கும் செத்தாலும் சரி.

நாற்காலி அசையவில்லை. எதிர்வீட்டில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி முதலில் அவள் வாயைப் பார்த்தது. பிறகு பார்வையை அவளிடமிருந்து எடுத்து, நாற்காலிப் பக்கம், ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கிற உயரத்தில் வைத்தது. அதன் வால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"ஆகட்டும்."

துண்டு அவள் பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. நாக்கு அசையவில்லை, அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எதிர்வீட்டில் மெஷின் சட்டென்று நின்றது.

மேஸ்திரி கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஈரக் கையைத் துடைக்கிற சத்தம் மாதிரி ஒன்று மெல்லக் கேட்டது. துடைக்கிற துண்டு அவள் வாயில் இருந்தது. பிறகு அதே குரல், அடுப்புப் பக்கம் திரும்பிச் சொல்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னது.

பசித்தது. ஐயோ, அப்படிப் பசித்தது. இத்தனை நாள் பசியும் ஒன்றாகக் குடலைப் பிடித்து இழுத்தது. அவள் துண்டை உருவி எறிந்தாள். அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே, சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தட்டைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள்.