தறிக்கு விட்ட இடம்

போன வாரம் ஒரு பெண் வந்தாள். சேலத்தில் கட்டிடக்கலை படிக்கிறாளாம். கையில் சின்னதாக ஒரு கருவி. அதைச் சுவரில் வைத்து அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு பொட்டு விழும், அளவு தானாக வந்துவிடும். எங்கள் வீட்டு முன்னறையை அளந்தாள், பக்கத்து வீட்டை அளந்தாள், அதற்கடுத்த வீட்டையும் அளந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ஆன்ட்டி, எல்லா வீட்டுலயும் வாசலை ஒட்டிப் பத்துக்கு எட்டுன்னு ஒரே அளவுல ஒரு காலி இடம் வருதே, இதோட கான்செப்ட் என்ன?" என்று கேட்டாள்.

கான்செப்ட்டாம்! எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. அவள் காலி இடம் என்று சொன்ன இடத்தில் ஃபிரிட்ஜ் நிற்கிறது, மகனுடைய பைக் நிற்கிறது. ரெண்டுக்கும் நடுவே நுழைந்து போவதற்குள் தினமும் முழங்காலில் இடித்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணோ, 'மக்கள் தாமாக உருவாக்கிய நெகிழ்வான வெளி' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன், அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன், பதில் சொல்லவில்லை. ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன், பாதியில் எழுந்து போகமாட்டீர்கள்தானே?

குமாரபாளையத்துப் பக்கம் வந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும், இந்த ஊரை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறி ஓடுகிற சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதைக்கூடக் கத்தித்தான் கேட்போம். இன்றைக்கும் நான் ஃபோனில் பேசினால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன செய்வது, பட்டறைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த தொண்டை.

பட்டறைக்குப் பின்னால் என்றால் நிஜமாகவே பின்னால். முதலாளி தன் தறிப்பட்டறையை ஒட்டி ஒரே வரிசையில் ஒற்றை அறை வீடுகளாகக் கட்டிவிட்டிருப்பார். லைன் வீடு என்று பெயர். அவர் தறியை ஓட்டுகிற வரை அந்த வீடு நமக்கு. வேறு பட்டறைக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் அன்று சாயங்காலமே சட்டி பானை வெளியே வந்துவிடும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா தறி ஓட்டினாள், நான் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு கடையில் மனுக்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாலு தெரு தள்ளி இன்னொரு பட்டறையில் நல்ல தறியாகக் கொடுக்கிறேன் என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவளால் போக முடியவில்லை. வீடு போய்விடுமே! தறியோடு சேர்த்து ஆளையும் கட்டிப்போடுகிற அந்த வீட்டின் மேல் எனக்கு இருந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை.

சின்னராசு அண்ணன் என்று ஒருவர் இருந்தார். தறி மேஸ்திரி, அதாவது தறி நின்றுபோனால் பிரித்துப் பழுது பார்க்கிறவர். எல்லாப் பட்டறைக்கும் போவார், எல்லார் வீட்டுப் புலம்பலும் அவருக்குத் தெரியும். ஊருக்குக் கிழக்கே கிடந்த கல்லாங்குத்து சர்க்கார் புறம்போக்கு என்று கண்டுபிடித்தவர் அவர்தான். வெறும் பாறையும் சரளையும், ஆடுகூட மேயாத இடம். "ஆயுத பூஜைக்குக் குடிசை போட்டர்லாம்" என்றார்.

ஏன் ஆயுத பூஜை என்று கேட்கிறீர்களா? வருஷத்தில் அந்த ரெண்டு நாள்தான் தறி மொத்தமாக நிற்கும். பூஜை போட்டு, தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் அதைத் தொடக்கூடாது. எந்த முதலாளியும் 'வேலைக்கு வா' என்று கூப்பிட முடியாது. ரெண்டு நாளும் சர்க்கார் லீவு, எந்த அதிகாரியும் வந்து நிற்க முடியாது. இதைவிட நல்ல நாள் யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள். மடியில் பொரிப் பொட்டலத்தை முடிந்துகொண்டு நாற்பத்திரண்டு குடும்பம் பட்டப்பகலில் கல்லாங்குத்துக்கு நடந்தோம். எல்லார் கையிலும் சந்தனமும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசம். ஊரே சத்தமில்லாமல் இருந்தது, நாங்கள் மட்டும் பழக்க தோஷத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போனோம்.

போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாறையில் ஒரு சாண்கூடக் குழி விழாது. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. அப்புறம் எண்ணெய் டின்களுக்குள் மூங்கிலை நிறுத்தி, சுற்றிலும் கல்லையும் மண்ணையும் போட்டு இறுக்கினோம். மேலே தென்னங்கீற்று, கீற்று பத்தாதவர்களுக்குச் சங்ககிரியிலிருந்து வந்த பழைய லாரித் தார்ப்பாய். மூன்றாம் நாள் காற்றில் ஒரு குடிசை டின்னோடு நாலடி தள்ளிப் போய் நின்றது. அந்த வீட்டுக்காரர் குடிசையைத் திருப்பி இழுக்காமல் சாமான்களை நாலடி தள்ளி வைத்துக்கொண்டார்!

குடிசை போடும் முன் மனைகளை அளந்தது சின்னராசு அண்ணன். கயிற்றின் ஒரு முனையை அவர் பிடிக்க, எதிர் மனைக்காரி மரகதம் மறுமுனையைப் பிடித்தாள். அடிக்கோலும் இல்லை, டேப்பும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அளவு தறிதான். தறி உட்கார எவ்வளவு, சுற்றி ஆள் நடக்க எவ்வளவு என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுவைத்திருந்தார். ஒவ்வொரு மனையிலும் வாசலை ஒட்டி முதலில் தறிக்கு இடம் விட்டார், மிச்சத்தில்தான் சமைக்க, படுக்க. ஒருத்தர்கூட 'ஏன் இப்படி' என்று கேட்கவில்லை. நாற்பத்திரண்டு குடும்பத்தில் ஒருத்தருக்கும் சொந்தத் தறி கிடையாது, ஆனால் வாங்காமல் விட்டுவிடுவோம் என்று ஒருத்தருமே நினைக்கவில்லை. அம்மா அந்த வெற்றிடத்துக்குத்தான் முதலில் சாணி மெழுகினாள்.

முதலாளி புல்லட்டில் வந்தார். "என்ற லைன் ஊட்டுல உனக்கு என்ன கொறை வெச்சேன்?" என்று அம்மாவைக் கேட்டார். "கொறையொண்ணுமில்லீங்க. ஊடு உங்குளுது, அதான் கொறை" என்றாள் அம்மா. அவர் போய் அன்றைக்கே லைன் வீடுகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். இனி திரும்பிப் போக வழியில்லை. பட்டா கிடைத்தால் வீடு, கிடைக்காவிட்டால் நடுரோடு.

இங்கேதான் என்னுடைய மேதாவித்தனம் உள்ளே வருகிறது. பட்டா கேட்டு மனு எழுதும் பொறுப்பு எனக்கு. மனுவே அடித்துப் பிழைக்கிறவள் இல்லையா, சாதாரணமாக எழுதினால் என் மரியாதை என்னாவது! 'மேற்படி நிலத்தில் குடியிருப்புடன் கூடிய தறிக்கூடங்கள் அமைத்து' என்று அடித்தேன். படித்துக் காட்டியபோது எல்லாரும் கை தட்டினார்கள். கம்பீரமாக இருக்கிறதாம். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஆர்.ஐ. விசாரணைக்கு வந்தார், வருவாய் ஆய்வாளர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாக நுழைந்து அந்த இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில். "தறி போடறதுக்குங்க சாமி." பெருமை வேறு, பல்லெல்லாம் தெரியச் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டே போனார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தொழிற்கூடத்துக்காக ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்துக்கு வீட்டுமனைப் பட்டா தர இயலாது, பதினைந்து நாளில் காலி செய்யவும். நான்தான் சத்தமாகப் படித்தேன். நடுவில் 'மனுதாரர்களே தறிக்கூடம் எனக் குறிப்பிட்டுள்ளபடியால்' என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி மனு. இந்தத் தடவை கம்பீரமெல்லாம் இல்லை, 'வீடு, வீடு, வீடு' என்றே அடித்தேன். மறு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சின்னராசு அண்ணன் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "அவிய வர்றப்ப தறி எடத்துல எல்லா ஊட்டுலயும் அடுப்பு எரியோணும். அடுப்பு எரிஞ்சா ஊடு. ஒரு ஊட்டுல இல்லீன்னாலும் மொத்த லிஸ்ட்டும் போயிரும்."

எல்லாரும் அடுப்பைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். அம்மா மட்டும் மாட்டேன் என்றாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "இத்தன வருசம் அடுத்தவன் தறியில நின்னவடி நானு. என்ற தறிக்குன்னு வுட்ட எடத்துல கரி புடிக்க வுடமாட்டேன், போ" என்றாள். நான் அழுதேன், கையைப் பிடித்தேன், காலைப் பிடிக்காத குறை. சின்னராசு அண்ணன் வந்து, "ஏனக்கா, உன்னொருத்தியால நாப்பத்தியோரு குடும்பம் ரோட்டுல நிக்கோணுமா?" என்று கேட்டார். அம்மா விளக்குமாற்றை எடுத்து அந்த இடத்தைக் கூட்டினாள். பிடிவாதத்துக்கு அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆர்.ஐ. வந்தார். பதினோரு மணி வெயிலில் நாற்பத்தியோரு அடுப்பும் ஒன்றாக எரிந்தால் எப்படி இருக்கும்? வளவே, அதாவது குடியிருப்பு மொத்தமும், புகை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய எழுதினார். எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பு இல்லை, புகை இல்லை. அந்த இடத்தின் நட்டநடுவில் பாய் விரித்து அம்மா நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். 

"இது என்னம்மா இடம்?"

"நான் படுக்கற எடமுங்க சாமி."

"பகல்லயா?"

"ராத்திரி ஷிப்ட்டு ஓட்டறவ பகல்ல தானுங்க படுக்கோணும்."

அவர் 'படுக்கை அறை' என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்ததும் சின்னராசு அண்ணன் சிரிக்கிறாரா, புகையில் இருமுகிறாரா என்று தெரியாதபடி குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அம்மா அங்கேதான் படுத்தாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதாம்.

பட்டா உடனே வந்துவிடவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போன பிறகு வந்தது. அதற்குள் சின்னராசு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விரும்பிய பட்டறைக்கெல்லாம் மாறி மாறிப் போய் ஓட்டினாள், அந்த வரைக்கும் ஜெயித்தோம். ஆனால் தறி வாங்குகிற அளவுக்குக் கை நிமிர்ந்தபோது சின்னப் பட்டறைக்காரர்கள் கட்டுப்படியாகாமல் பழைய தறிகளை எடைக்குப் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்பப் போயி எதுக்கு" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்புறம்தான் ஃபிரிட்ஜ் வந்தது.

பட்டா ஆளாளுக்குத் தனித்தனியாக, பெயர் போட்டு, எண் போட்டு வந்தது பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. முதல் வேலையாக எல்லாரும் காம்பவுண்டு சுவர் எழுப்பினார்கள். கயிறு பிடித்த நாளில் நடுவே சந்துக்குப் பதினாறு அடி விட்டிருந்தோம், சர்க்கார் சொல்லாமலே. ஒருவர் தொட்டிக்காக ஒன்றரை அடி எடுத்தார். அடுத்தவர் பைக் ஏற்றச் சறுக்கு போட்டார். மரகதம் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டியபோது நாலு படி வெளியே வந்தது. நாங்கள் கட்டும்போது சும்மா இருப்போமா? ஐந்து படி, ஓரத்தில் மகன் பைக் ஏற்ற ஒரு பலகை. சர்க்காரிடமிருந்து சேர்ந்து எடுத்த இடத்தை எங்களிடமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டோம்.

நாலு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸ் வந்தது, சந்துமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், எங்கள் படிக்கும் மரகதத்தின் படிக்கும் நடுவே அது திரும்பவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து அம்மாவோடு தலைக்கு மேலே தூக்கினார்கள். ஒரு முனை எங்கள் கைப்பிடிக் கம்பியில் இடித்தது. வலியில் அம்மா போட்ட சத்தத்தை நான் மறக்கப்போவதில்லை.

"எதுக்குக் கண்ணு இத்தினி பெரிய படி?" என்று கேட்டாள்.

"எதிர்த்த ஊட்டுல கட்டுனாங்கம்மா" என்றேன்.



அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறாள், ஐந்து படி இறங்க முடியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மரகதம் அவள் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, இடிக்கப் போறீங்களா?"

"நீ இடிச்சா நானும் இடிக்கறேன்."

"நீங்க மொதல்ல இடிங்க, நான் பொறகு இடிக்கறேன்."

கடப்பாரையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். பதினாறு அடிச் சந்து பட்டாவோடு வந்த வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. அம்மா ஜன்னல் வழியாக ரெண்டு வீட்டுப் படிகளையும் பார்க்கிறாள்.