சிலந்தி சொல்லிவிடும்

அப்பாவைச் சிலந்திகள் காட்டிக்கொடுத்துவிடும் என்று பன்னிரண்டு வயதில் பயந்தேன். இப்போது எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, அதற்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. பேருந்தில் எழுந்து இடம் தருகிறார்கள். அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெற்கேயிருந்து சென்னைக்கு வந்த அப்பா மாம்பலத்தில் முலாம் பட்டறை வைத்திருந்தார். தி. நகர்க் கடைகளுக்குப் போகும் கவரிங் நகைகளுக்கு அங்கேதான் நிக்கலும் அதன்மேல் தங்கமுமாக முலாம் பூசுவார்கள். பட்டறை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கால்வாயை ஒட்டி இருந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களோடு தங்கி, கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரைச் சிலந்திகளின் உடம்பில் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஆறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

பெண் கேட்டு வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அம்மாவின் கவலை. “மீனோ தவளையோன்னாக்கூடப் பரவால்ல. எட்டுக்கால் பூச்சி பிடிக்கான்னு எந்த வாயால சொல்லுவேன்?”

சனிக்கிழமை மாலைகளில் அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு நந்தனம் பக்கம் போவாள். எங்கள் கால்வாய் அடையாற்றில் கலக்கும் இடம் அது. பொழுது சாயும்போது நீளக்கால் சிலந்திகள் கோரைப்புல்லிலிருந்து இறங்கித் தண்ணீருக்கு மேலே வலை பின்னும். கரையில் வழக்கமாக ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்.

“இன்னாம்மா, இன்னிக்கும் பூச்சி புடிச்சிக்கினு கீற? வறுத்தா நல்லா இருக்குமா?”

“உங்களுக்கு மீன் கெடச்சா நான் ஏன்ணே பூச்சிக்கு வரேன்?”

“அதச் சொல்லு,” என்று அவர் காலித் தூண்டிலைத் தூக்கிக் காட்டுவார்.

அத்தை எனக்கு விளக்கினாள். “தண்ணிய மொண்டு பாத்தா அந்த நிமிஷத்துக் கதைதான்டா தெரியும். ஒரு மழை பெஞ்சா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். ஆனா இந்தச் சேத்துல வளர்ற பூச்சிய எல்லாம் சிலந்தி தின்னுது. ஆறு முழுங்கினது அது வயித்துல இருக்கும். இந்தக் கால்வாயில யாரோ முலாம் பட்டறைத் தண்ணிய விடுறாங்கன்னு நெனைக்கறேன். சிலந்தி சொல்லிடும், பாரு.”

“யாருன்னுமா அத்தை?”

அவள் குனிந்து ஒரு வலைக்குக் கீழே டப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கேள்வி காதில் பாதிதான் விழுந்திருக்க வேண்டும். “ம்ம், யாருன்னும் சொல்லிடும்,” என்றாள்.

பட்டறைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து லாரியில் ஏற்றிவிடுவதாக அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அப்பாவுக்குப் பலகாரம் கொண்டுபோகிற நான் அங்கே லாரி எதையும் பார்த்ததில்லை. பின்சுவரின் ஓட்டை வழியாக ஒரு ரப்பர் குழாய் கால்வாய்க்குள் இறங்கும். அதில் கிளிப்பச்சை நிறத்தில் தண்ணீர் விழும். அதன் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எனக்கு மாலைப் பொழுதுபோக்கு. எப்போதாவது கையை நீட்டுவேன். விரல் வழியாகப் பச்சை ஒழுகும்.

கல்லூரியில் ஒரு கருவி இருப்பதாக அத்தை சொல்லியிருந்தாள். அது ஒரு நீளத் தாளில் அப்பாவின் பெயரையும் பட்டறையின் கதவு எண்ணையும் அச்சடித்துத் தள்ளுவதாகக் கனவு கண்டேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துபோய்ப் பார்த்தேன். அத்தையிடம் சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார். அப்பாவிடம் சொன்னால் அத்தை வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். இரண்டு பேரும் எனக்கு வேண்டும்.

சிலந்திகள் எங்கள் வீட்டு பிரிட்ஜில்தான் இருந்தன. கேமரா பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பிகளில் போட்டு, ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பாள். காகிதம் ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால், கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்தில் பிடித்தவற்றுக்கு மூடியில் சிவப்பு நகப்பாலீஷால் ஒரு பொட்டு. ஆற்றுத் தண்ணீர் படாத ஓர் இடமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்கு எங்கள் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே வலை கட்டியிருந்த அதே இனச் சிலந்திகளைப் பிடித்தாள். அவற்றுக்குப் பொட்டு இல்லை. அங்கே யாரும் ஒட்டடை அடிக்கக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டதில் அம்மாவுக்கு வேறு கோபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா தூங்கிவிட்டாள், அத்தை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் பிரிட்ஜைத் திறந்து மூடிகளை மாற்றினேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான். சிவப்புப் பொட்டு வைத்த மூடிகள் கிணற்றடிச் சிலந்திகளுக்குப் போயின; பொட்டில்லாத மூடிகள் கால்வாய்ச் சிலந்திகளுக்கு வந்தன. குளிரில் விரல்கள் மரத்துப்போய், ஒரு சிலந்தியின் கால் ஒடிந்து தரையில் விழுந்தது. அதைப் பொறுக்கி உள்ளே போட்டேன். எந்த டப்பியில் போட்டேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தம்ளரை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“குடிக்காத. துப்பு.”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என்ன பிள்ள, என்னாச்சு?”

“அண்ணே, நம்ம கிணத்தடியில விஷம் இருக்கு. ஆத்தோரச் சிலந்தியில ஒண்ணுமே இல்ல. நம்ம வீட்டுச் சிலந்தி பூரா நிக்கல்.” தம்ளர் தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினாள். “இவன் பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியத்தானண்ணே குடிக்கறான்.”

வாயிலிருந்த தண்ணீரை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. தாளில் அப்பா பெயர் இல்லை என்பது மட்டும்தான் எனக்கு அப்போது உறைத்தது.

அப்பா கறிவேப்பிலைக்குக்கூட வாதாடுகிறவர். அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவி எழுந்தார். மறுநாள் காலையில் கிணற்று வாயில் பலகை அடித்தாகிவிட்டது. ஆணிகளை எடுத்துக் கொடுத்தவன் நான். வாழைகளை வெட்டிப் போட்டார்கள். அம்மா துடைப்பத்தால் ஒரு வலை விடாமல் அடித்துத் தள்ளினாள். இன்னொரு முறை சோதிக்கலாம் என்று புது டப்பிகளோடு வந்த அத்தைக்கு அங்கே பிடிக்க ஒரு சிலந்திகூட மிச்சமில்லை.

ஒப்பிடும் இடமே கெட்டுப்போனதால் அதுவரை செய்ததெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். வீட்டில் கல்யாணப் பேச்சு வலுத்தது. அத்தை ஆராய்ச்சியை விட்டுவிட்டு அடையாறு பகுதியில் ஒரு பள்ளியில் டீச்சரானாள். என் மூடிகள் மட்டும் காரணமில்லை என்று சில காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

இப்போது அவள் கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் இன்றும் முதல் கேள்வி, “கிட்னி டெஸ்ட் எடுத்தியாடா? வருஷா வருஷம் எடுக்கணும். சின்ன வயசுல உன் உடம்புல எவ்வளவு போச்சோ!” எடுத்துவிட்டேன் அத்தை, எல்லாம் சரியாக இருக்கிறது என்பேன். அவள் நம்புவதில்லை. என் உடம்பை நினைத்து அவள் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பயந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, மழை பற்றிப் பேசியிருக்கிறேன்.

கிணற்றை மூடிய அன்று மாலையும் வழக்கம்போல் பலகாரத்தோடு பட்டறைக்குப் போனேன். பின்சுவரில் குழாய் அப்படியே இருந்தது, தண்ணீரும் அதே பச்சை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. கையை நீட்டினேன். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“ஏலே, அங்கன நிக்காத.”

என்னை வாளியிடம் கொண்டுபோய், சோப்புப் போட்டு, நகக்கண் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்படி அவர் செய்ததே இல்லை. “இனிமே நீ இங்க வர வேண்டாம். வீட்டுக்குப் போ.”

எங்களுக்குப் பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிற என் மேல் அப்பாவுக்கு என்ன கோபம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.