தட்டைத் தேய்த்தால் சுதி சேருமா?

இசைத்தட்டைக் கையால் தேய்த்துப் பாட்டு வரவழைப்பதும் ஒரு தொழில்தான் என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மகள் ஜெனிட்டா. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து வந்து நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது. பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று யாராவது கேட்டால், உடனே பேச்சை மழைக்கு மாற்றுகிற அம்மாமாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கஞ்சி ஆறிய கதை

கோயமுத்தூரில் ஒரு மியூசிக் குழுவில் இருந்தவள், அந்த வெள்ளிக்கிழமை இரண்டு இசைத்தட்டு சுற்றுகிற மிஷினோடு, மலைமேல் இருக்கிற எங்கள் அரவேணுவில் வந்து இறங்கினாள். "இனிமே இங்கிருந்தே பண்றேம்மா. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். ஆகலைன்னா கீழயே போயிடறேன்" என்றாள். பெரியவன் துபாயில் இருக்கிறான். இவளும் மலை இறங்கிவிட்டால் வீட்டில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும்தான். அன்றைக்கு ஜெபமாலை எடுத்தபோது எனக்கு ஒரே குழப்பம். இவள் இங்கேயே இருக்கணும் என்று கேட்பதா, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கணும் என்று கேட்பதா? இரண்டையும் கேட்டு வைத்தேன்.

ஓடுகிற தட்டைக் கையால் முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். அதைத் தாளத்துக்குச் செய்கிறவர்கள் நிறையப் பேராம். இவளுக்கு அது போதவில்லை, அந்தக் கீச்சும் பாட்டின் சுதியிலேயே நிற்க வேண்டும். தட்டு வேகமாகச் சுற்றினால் சுதி ஏறும், மெதுவானால் இறங்கும். அதற்கென்று மிஷின் ஓரத்தில் நகர்த்துகிற ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. ஒரு கை அதை ஏற்றி இறக்கும், இன்னொரு கை தட்டைத் தள்ளும். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் நான் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து 'மேலே', 'கீழே' என்று சொல்வதும், பை தூக்குவதும் என் வேலை ஆயிற்று. சரியாகத்தான் சொல்கிறேனா என்று பாதி நேரம் எனக்கே தெரியாது.

டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிற எங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாத்திரம் தேய்க்கிற சத்தம் நம்ம ஊட்லயே இருக்குதே கண்ணு, அதுக்குப் போய் மிஷின் வாங்குவாங்களா?"

என்னுடைய 'ஆ'

தேய்ப்பதற்கு ஆடாமல் அசையாமல் நீளமாக ஒரு சத்தம் வேண்டுமாம். "அம்மா, ஒரே மூச்சுல 'ஆ'ன்னு பாடு" என்றாள். நான் பாடினேன். "கடைசில எதுக்கு இறங்கற?" என்றாள். ஆண்டவரைப் பார்த்துப் பாடிப் பாடியே பழகிய குரல், முடிவில் தானாகவே தலை குனிந்துவிடுகிறது. எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளிகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, பல தடவை பாடிய பிறகுதான் ஒன்று தேறியது.

அதை அவள் தட்டில் ஏற்றித் தேய்த்தாள். என் குரல்தான். ஆனால் நான் வாயே திறக்கவில்லை. ஆ-ஆ-ஆ என்று அது துண்டு துண்டாக ஏறி இறங்கியதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை சுரமும் அந்த ஒரு மூச்சுக்குள்ளேயா இருந்தது?

அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்வி சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். "மேரியக்கா, இந்தாங்க, மெதுவாக் குடிங்க!" நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மிஷினைப் பார்த்தாள். அப்படியே நின்று பாட்டு முழுவதையும் கேட்டாள். சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னது: "விக்கல்னு நெனச்சுத்தானுங்க வந்தேன், அது பாட்டாவுல்ல வருது!"

மெயினை அணைத்தவர்

முதல் விசேஷம் குந்தாவில், கரண்ட் உற்பத்தி நிலையத்தில் வேலை பார்க்கிற ஒருவருடைய மகளின் பிறந்தநாள். வந்தவர்களில் பாதிப்பேர் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். ஜெனிட்டா தட்டில் கை வைத்ததுதான் தாமதம், ஒருவர் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார், இன்னொருவர் ஒயர் போகிற வழியிலேயே நடந்து போனார். மூன்றாவது ஒருவர் போய் மெயினையே அணைத்துவிட்டார். கூடம் இருண்டது. குழந்தை அழுதது.

இதுதான் பாட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று புரியவைத்து மறுபடி ஆரம்பித்தோம். மெயினை அணைத்தவர் கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நின்றார். பாட்டு முடிந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எத்தனையோ லூஸ் காண்டாக்ட்டு பாத்திருக்கேனுங்கம்மா, சுதியோட இப்பத்தானுங்க பாக்கறேன்."

சங்கு ஊதியது

என் 'ஆ' என்னதான் பாடினாலும் கொஞ்சம் ஆடுகிறது என்று ஜெனிட்டாவுக்கு மனக்குறை. ஆடாத சத்தத்தைத் தேடி அலைந்தவளுக்கு, ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற அப்பாவின் ஃபேக்டரிச் சங்கு கிடைத்தது. ஊதத் தொடங்கினால் நேர்கோடு போல நிற்கும். அதைப் பதிவு செய்து, சுதி சேர்த்து, ரொம்ப அருமையாக ஒரு பாட்டு பண்ணினாள். நானும் கேட்டுவிட்டு 'மேலே', 'கீழே' எதுவும் சொல்லவில்லை.

அடுத்த விசேஷம் ஓர் எஸ்டேட்டில், பெயர் வைக்கிற வீட்டு மதியச் சாப்பாடு. பந்தி முழுக்கக் கொழுந்து எடுக்கிற பெண்கள். ஜெனிட்டா முதலில் சங்கைத் தேய்க்காமல், அப்படியே நீளமாக ஓடவிட்டாள். முதல் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது! இலையில் சோறு பாதி இருக்கிறது, ஒருத்தி கை கழுவவே போய்விட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது யாருக்கும் நினைவில்லை.

வீட்டுக்காரர்கள் முகம் சுண்டிவிட்டது. பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். ஜீப்பில் திரும்பும்போது ஜெனிட்டா வெளியே பார்த்துக்கொண்டே, "கீழயே போயிடறேம்மா, இங்க ஆகாது" என்றாள். கிளம்பும்போது முதல் வரிசையில் இருந்த ஓர் அம்மா, சிலோனிலிருந்து வந்த குடும்பம், என் கையைப் பிடித்துச் சொன்னதை மட்டும் அவளுக்குச் சொன்னேன்: "பிள்ளைய வையாதீங்க. நான் எந்திரிக்கல்ல, காலுதான் எந்திரிச்சிச்சு."

சுதி ஏறிய பாட்டு

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நடக்கிற நிகழ்ச்சியில், ஃபாதர் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார். ஜெனிட்டா பாலன் பிறப்புப் பாட்டு ஒன்றைத் தயார் செய்தாள். தட்டு முதலில் சுதி கொடுக்கும், நான் பாட்டை எடுக்க வேண்டும், சபை கூடப் பாடும். இதுவும் ஆகாவிட்டால் புது வருசத்துக்கு அவள் கீழே. மைக்கைப் பிடித்தேன். சுதியைக் காதில் வாங்கினேன், வாயில் வந்தது அதைவிட மேலே. நான் போன இடத்துக்கே சபையும் வந்துவிட்டது. கீழே ஒரு சுதி, மேலே ஒரு சுதி. ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் விரல் அந்தக் கட்டையை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. தட்டின் பாட்டு மேலே ஏறி ஏறி வந்து எங்களோடு சேர்ந்தது. சுதி ஏறினால் வேகமும் ஏறுவது அந்தத் தட்டின் குணம். கைதட்டுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஃபாதர் சிரித்தார்: "நீங்க பாட்டுக்கு மேல போயிட்டீங்க மேரி, பாப்பாதான் பின்னாடியே வந்து கூட்டிக்கிட்டா. இதுவே கேசட்டா இருந்தா நம்மள விட்டுட்டுப் போயிருக்கும்."

வெளியே வந்தபோது, பெர்ன்ஹில்லிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் எங்களை நிறுத்தினார். "ஏனுங்க, தை மாசம் எங்க ஊட்ல கல்யாணமுங்க. பாட்டு இதே வேகத்துல ஓடட்டுங்க, எங்க சொந்தக்காரங்க சீக்கிரமாக் கெளம்பணும்." ஜெனிட்டா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "கோயமுத்தூருக்கு போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடட்டுமாம்மா?"

மகள் பக்கத்தில் இருந்தால் வீடு நிறைந்திருக்கும் என்று கேட்டேன், ஆண்டவர் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கீச்சுச் சத்தத்தாலேயே நிறைத்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், உள்ளே பாட்டு கேட்டால் அது முடிகிற வரைக்கும் கதவைத் தட்டாமல் கொஞ்சம் நில்லுங்கள், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்.