தைத்த எழுத்தும் குத்திய புள்ளியும்

சர்க்கரை நோய் என் கண்ணைப் பறித்த பிறகு, சமைக்க முடியவில்லையே என்றோ நடக்கத் தடுமாறுகிறேனே என்றோ நான் அழவில்லை. ஆஸ்டின் டவுனில் எங்கள் புத்த விகாரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தரின் வாக்கைக் கூட்டத்துக்கு வாசிப்பது என் பொறுப்பு. அது போயிற்றே என்றுதான் அழுதேன். அதன் பிறகு கணவர் பக்கத்தில் நின்று வரிவரியாகக் காதில் ஓத, நான் திருப்பிச் சொல்வேன். கிளிப்பிள்ளை வேலை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் தையல்காரர். என் மனசு புரிந்து, ஒருநாள் துணியில் தடித்த நூலால் வாசிப்பில் வரும் ஒரு வரியை எழுத்தெழுத்தாகத் தைத்துக்கொண்டு வந்தார். விரலை வைத்தேன். கொம்பும் சுழியும் பின்னிக் கிடந்தன.

"இன்னாங்க இது, முறுக்கு புழிஞ்ச மாதிரி இருக்குது?"

"நல்லா தடவிப் பாரு. எவ்ளோ நீட்டா தெச்சிருக்கேன்!"

தடவினேன். ஓர் எழுத்து பிடிபடுவதற்குள் முந்தின எழுத்து மறந்துபோனது. ஆத்திரத்தில் துணியை வீசி எறிந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அந்த வாரமே, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண் பிறவியிலேயே பார்வை இல்லாதவள், வயதில் என் மகள் மாதிரி. துணிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆன்ட்டி, பிரான்ஸ்ல நம்மள மாதிரி பசங்களுக்கு மொதல்ல ஸ்கூல் வெச்சவங்களும் இதத்தான் பண்ணாங்க. பேப்பர்ல பெரிய பெரிய லெட்டரா எழும்ப வெச்சாங்க. பாக்க சூப்பரா இருக்கும், படிக்கறதுக்குள்ள உசுரு போயிடும். அங்க படிச்ச கண்ணு தெரியாத பையன்தான், மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இருட்டுல படிக்கறதுக்குன்னு செஞ்ச புள்ளிங்கள எழுத்துக்கு ஆறா கொறச்சான். ஒரு வெரல் நுனியில அடங்கிடும்."

வீட்டில் இதைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அந்தத் துணியை எடுத்துவந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு தடவிப் பாத்தேன்மா. எனக்கே ஒண்ணும் புரியல. என் கண்ணுக்குத்தான் தெச்சிருக்கேன், உன் வெரலுக்கு தெக்கல."

பாவம், எவ்வளவு ஆசையாகத் தைத்தாரோ.

பிறகு அவரும் கற்றுக்கொண்டார். பிரெய்ல் சட்டத்தில் தாளை வைத்து, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பினால்தான் புள்ளி மேலே வரும். எனக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உள்பக்கம் தைத்து வெளிப்பக்கம் திருப்புவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு என்ன கஷ்டம்? வாசிக்க வேண்டிய பக்கங்களை அவரே குத்திக்கொடுத்தார். நான் தடவித் தடவி, திட்டித் திட்டிப் பழகினேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, விகாரையில் தனியாக எழுந்து நின்றேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வரி நன்றாகவே போயிற்று. மூன்றாவதில் விரல் தடுமாறியது. கூடம் காத்திருந்தது. அவருக்குத்தான் பொறுக்கவில்லை, அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க. நானே படிக்கிறேன்."

மைக்கில் கேட்டுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிப்பும் கேட்டது. நான் விரலைப் பின்னால் கொண்டுபோய் அந்த வரியை முதலிலிருந்து தடவினேன். சொல் வந்தது. யாரும் சொல்லாமல் வந்தது.