கம்பவுண்டர் முனிசாமியின் ஊசி

சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாயை இடது கை பிடித்திருக்க, வலது கை அரத்தை முன்னுக்கு மட்டும் தள்ளியது. பின்னுக்கு வரும்போது அரம் உலோகத்தைத் தொடவில்லை. விளிம்பைக் கட்டைவிரல் தடவிப் பார்த்தது. பிறகு குழாயின் வாயில் முனை மழுங்கிய குடைக்கம்பி ஒன்று ஏறியது. அழுத்தினால் உள்ளே போனது. விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளியது.

செங்கல்பட்டில் ஸ்டவ்வும் பம்பும் பழுதுபார்க்கும் திருவேங்கடத்தின் கைகள் அவை. 2002 கோடையில் அவர் செய்துகொண்டிருந்தது ஒரு முழ நீள ஊசி.

கேட்டவர் முனிசாமி. எழுபதுகளில் பொருட்காட்சிகளில் 'கம்பவுண்டர்' என்ற பெயரில் மல்யுத்தம் போட்டவர். வெள்ளைக் கோட்டோடு வருவார். எதிராளியைச் சாய்த்ததும் ஊசியைத் தூக்கி முன்வரிசை மேல் தண்ணீர் பீய்ச்சுவார். பிறகு அவன் புஜத்தில் குத்துவார். அதெல்லாம் விட்டு செய்யூரில் சவுக்குக் கட்டை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். இப்போது பிள்ளைகள் கேபிள் டிவியில் வெள்ளைக்கார மல்லர்களைப் பார்க்கிறார்களே என்று, மாமல்லபுரம் கடற்கரையில் காட்சி நடத்த வந்த பந்தல் கான்ட்ராக்டர் அவரைத் தேடிப்பிடித்தார்.

குத்து வாங்கப்போவது திருவேங்கடத்தின் மகன் ஹரிஹரன். ஜிம்முக்குப் போகிறவன், தானே பெயர் கொடுத்துவிட்டான். அது தெரிந்த நாளிலிருந்து திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கடற்கரையில் கயிறு கட்டி ஒத்திகை நடந்தது. முதலில் புலித்தோல் கட்டிய இன்னொரு பழைய மல்லர் உறுமினார். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து முனிசாமி. அவர் கத்தவில்லை. கயிற்றருகே குனிந்து, "சட்டைய மடி கண்ணு. வலிக்காது" என்றார். சிரிப்பு நின்றது. முன்னால் இருந்தவர்கள் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

ஊசியை மணலில் வைத்துவிட்டு முனிசாமி கோட்டைச் சரிசெய்தார். மீண்டும் எடுத்து, ஹரிஹரனுக்குப் பதிலாகக் கிடத்தியிருந்த வாழைத்தண்டில் ஓங்கிக் குத்தினார். கம்பி குழாய்க்குள் போகவில்லை. தண்டுக்குள் இறங்கியது.

திருவேங்கடம் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார். ஸ்பிரிங்கில் ஈரமணல் அடைத்திருந்தது. கடையின் சிமெண்டுத் தரையில் எத்தனையோ முறை சோதித்தவருக்கு மணல் ஞாபகம் வரவேயில்லை.

"இன்னா அண்ணாத்த, மண்ணுலயா வைப்ப?"

"சண்டையே மண்ணுலதான நடக்குது. உன் தலையிலயா வைப்பேன்?"

"வால்வு டியூப்ல ஊசி பண்ணி வெள்ளி பெயின்ட் அடிச்சித் தரேன்."

"ரப்பரு மடங்கும். கொயந்தைங்க சிரிக்கும். அப்பால நானும் புலித்தோலும் ஒண்ணுதான்."

"வுடு நைனா, தடுப்பூசின்னு நெனச்சிக்கிறேன்" என்றான் ஹரிஹரன்.

"நீ வாய மூடு" என்றார் திருவேங்கடம்.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தார். குழாயின் வாயை அகலப்படுத்தினார். வெளியே விழுந்துவிடாதபடி கம்பியின் அடியில் ஒரு கொண்டை வைத்து, உள்ளே சும்மா ஆடும்படி விட்டார். குழாயை நிமிர்த்தினால் கம்பி உள்ளே விழுந்தது; கவிழ்த்தால் தன் எடையிலேயே வெளியே வந்தது. மணல் தங்க இடமில்லை. ஆனால் கவிழ்க்கும்போதெல்லாம் 'கடக்' என்றது. அடுப்படியிலிருந்து மனைவி சரோஜா, "இன்னா சத்தம் அது, வவுத்தக் கலக்குது" என்றாள். சத்தத்தை நிறுத்தத் துணி சுற்றலாமா என்று யோசித்தவர் அப்படியே விட்டுவிட்டார்.

காட்சியன்று மாலை பந்தலுக்குப் பின்னால் முனிசாமி கை நீட்டினார். மைக்கில் ஹரிஹரன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடுப்பா, கூட்டம் நிக்கிது."

"இரு அண்ணாத்த."

திருவேங்கடம் ஈரமணலை அள்ளிக் குழாய்க்குள் போட்டார். தண்ணீர் பீய்ச்சினார். கவிழ்த்து, வேட்டியை ஒதுக்கித் தன் தொடையிலேயே பலங்கொண்ட மட்டும் குத்தினார். கம்பி உள்ளே போய்விட்டது. தொடையில் ஒரு சிவந்த வட்டம் மட்டும் இருந்தது. இன்னொரு பிடி மணலைப் போட்டு மறுபடி குத்தினார். அதே இடத்தில் இன்னொரு வட்டம்.

மணலைத் தட்டினார். வேட்டி நுனியால் குழாயைத் துடைத்தார். முனை தன் பக்கம் இருக்க, கைப்பிடியை முனிசாமியிடம் நீட்டினார்.