ஒன்றரை மூட்டை மிளகு எடையில் ஒரு கார்

கொச்சியில் ஒரு காரைக் கொல்ல விபத்து தேவையில்லை, உப்புக்காற்று போதும். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மண்டி வைத்திருந்த என் மாமாவின் கார் அப்படித்தான் இறந்தது. ஒருநாள் கதவைத் திறந்தார். கதவு முழுதாக அவர் கையோடு வந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமி காலடியைக் குனிந்து பார்த்து, "ஏன்னா, ரோடு தெரியறதே" என்றாள். இன்ஜினும் சக்கரங்களும் மட்டும் திடகாத்திரமாக இருந்தன. உடல்தான் அழியும், ஆன்மா அழியாது என்று பெரியவர்கள் சொன்னது கார்களுக்கும் பொருந்தும் என்று அன்று கண்டுகொண்டேன்.

பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, மாமாவின் பிள்ளை, அதாவது என் அம்மாஞ்சி, "இதுக்கு ஃபைபர்ல வேற உடம்பு கட்டினா என்னடா?" என்று என்னிடம் கேட்டான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பக்கத்துத் தோப்பும்படியில் மரவள்ளம், அதாவது மரப்படகு, கட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர் ஃபைபருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இழைப் பாயை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, இறுகியதும் உரித்தெடுத்தால் இரும்பைவிட லேசான ஓடு கிடைக்கும். உப்புக்காற்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். இதெல்லாம் அம்மாஞ்சிக்குத் தெரியும். மற்ற விஞ்ஞானத்தை நான் வாசகசாலையில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்திருந்தேன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருப்பவனுக்கு எந்தப் பத்திரிகையையும் படிக்க நேரம் உண்டு. அப்படித்தான் நான் இந்தத் திட்டத்தின் தலைமைப் பொறியாளன் ஆனேன். எனக்குத் திருப்புளியைப் பிடிக்கத் தெரியாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெரிய திட்டங்களில் அதுதான் வழக்கம் என்றான் அம்மாஞ்சி.

தாழ்ந்த உடம்பு, இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது, காற்றைக் கிழிக்கிற மூக்கு: நான் வரைந்த படம் இவ்வளவுதான். எடை பாதியானால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தேன். அது உண்மையானால், அன்றைய என் ஒல்லி உடம்புக்கு நான் தெருவில் பறந்திருக்க வேண்டும்.

படத்தைத் தோப்பும்படி மேஸ்திரியிடம் கொண்டுபோனோம். ஃபைபர் வள்ளம் கட்டுவதில் தன்னை மிஞ்ச அரபிக்கடலின் இந்தக் கரையில் ஆளில்லை என்பது அவர் கருத்து. மறுகரையிலும் சந்தேகம்தான் என்பார். படத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் ரசித்தார்.

"சாரே, ஒண்ணும் பேடிக்க வேண்டா. ஒரு துள்ளி தண்ணி உள்ளே கேறாது" என்று தைரியம் சொன்னார்.

"தண்ணியா?" என்றேன். "இது காருங்க மேஸ்திரி."

"கார் ஆயாலும் வள்ளம் ஆயாலும் தண்ணி தண்ணிதானே சாரே!"

அந்த வாக்கியத்தில் ஏதோ வேதாந்தம் இருப்பதுபோல் பட்டதால் நான் மேலே கேட்கவில்லை.

மாமாவின் மண்டிக்குப் பின்னால் காலியாக இருந்த கிடங்கில் வேலை தொடங்கியது. தோப்பும்படியில் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டம் செய்துகொண்டு வந்தோம். பழைய இன்ஜினையும் சக்கரங்களையும் அம்மாஞ்சி அதில் மாட்டினான். மேஸ்திரி அச்சு செய்தார், பாய் விரித்தார், ரெசின் பூசினார். இருக்கைக்குக் கண்ணாடி இழை போதாமல் போனபோது, "நம்ம நாட்டில நாருக்குப் பஞ்சமா?" என்று ஒரு கயிற்றுப்பாயை ரெசினில் முக்கி வளைத்துக் காயவைத்தார். உலகத்திலேயே முதல் முறையாக இருக்கும். அதில் சற்றுநேரம் உட்கார்ந்து எழுந்தவர்களின் பின்புறத்தில் பாயின் நெசவு தெளிவாகப் பதிந்திருக்கும்.

ஓடு தயாரானதும் அதை மண்டித் தராசில் தூக்கி வைக்கக் கிடங்கு மூட்டைக்காரர்கள் நால்வரைக் கூப்பிட்டோம். முதல் ஆள் ஒருவராகவே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். மற்ற மூவருக்கும் அது பெரிய அவமானம். "இது என்ன, பப்படமா?" என்றார் ஒருவர். ஒன்றரை மூட்டை மிளகு எடை இருந்தது. அம்மாஞ்சி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். தலைமைப் பொறியாளனும் குதித்தான்.

ஓடு சட்டத்தின்மேல் ஏறியபிறகுதான் ஒன்றைக் கவனித்தேன்.

"கதவு எங்கே மேஸ்திரி?"

"வள்ளத்துக்கு ஆரெங்கிலும் கதவு வெப்பாரோ?"

அடியில் குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுவதையும் வழவழவென்று மூடியிருந்தார். சக்கரத்தண்டு வெளியே வரும் துளைகளில்கூட ரப்பர் வளையம், அதன்மேல் கிரீஸ். புகைக்குழாய் பக்கவாட்டில் ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயும் ஓர் ஊசி நுழைய இடமில்லை.

இதற்கிடையில் மாமாவின் பொறுமை போய்விட்டது. ரெசின் வாசனை சுவரைத் தாண்டிச் சுக்கில் இறங்கியிருந்தது.

"வாங்க வந்தவன் மோந்து பாத்துட்டு, 'சாமி, இது சுக்கா, பெயிண்டா'ன்னு கேக்கறான்!" என்று கத்தினார். குவைத்தில் அவர் தம்பியின் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று தகவல் வந்து ஒரு மாதமாகியிருந்தது. அம்மாஞ்சிக்குக் குவைத் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுண்டிவிடும். கையில் ரெசின் ஒட்டாத நாள் அவனுக்கு நாளே இல்லை.

"கேட்டுக்கோடா," என்றார் மாமா. "வர ஞாயித்துக்கிழமை இந்த வண்டி என்னை ஏத்திண்டு தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போகணும். ஒருத்தரும் தள்ளப்படாது, கட்டி இழுக்கப்படாது. போச்சுன்னா நீ இங்கேயே இருந்து என்ன வேணாக் கட்டு. இல்லைன்னா குவைத்."

ஞாயிறன்று விடியும்போதே மழை. போதாததற்குக் கடல் ஏற்றத்தில் காயல் தண்ணீர் கரைமுட்ட நின்றது. ஒன்பது மணிக்கு மழை சற்று விட, மாமா பட்டை விபூதியோடும் குடையோடும் வந்தார். கதவில்லாததால் முக்காலி போட்டு ஏற்றினோம். எடைச் சமநிலைக்காக நான் பின்னால் பெட்டி வைக்கும் குழியில் மடங்கிக்கொண்டேன்.

கிளம்பியது. சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. பஜார் தெருவில் ஆடுகள் ஒதுங்கின, சைக்கிள்கள் நின்றன, மூட்டைக்காரர்கள் "பப்படம் போகுதே!" என்று கூவினார்கள். அம்மாஞ்சி காரணமில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். மாமா மட்டும் ஒவ்வொரு குழிக்கும் "சிவ சிவா" என்றார். அவருக்கடியில் கயிற்றுப்பாய்.

தோப்பும்படிக்கு முன்னால் ஒரு பள்ளம். அங்கே சாலை காயலோடு சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு பஸ் தயங்கி நின்றது. அம்மாஞ்சி தயங்கவில்லை, தயங்கினால் குவைத். உள்ளே விட்டான்.

சட்டென்று குலுக்கல் நின்றது. அற்புதமான அமைதி.

"பேஷ்!" என்றார் மாமா, முதல் முறையாக முகம் மலர்ந்து. "இந்த ஒரு எடத்துலதாண்டா ரோடு நன்னாப் போட்டிருக்கான்."

அம்மாஞ்சி ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். கார் அதைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்கு மெதுவாக ஒரு வட்டம் போட்டது. "அப்பா," என்றான், "நாம ரோட்டுல இல்லை."

அந்த நேரம் பார்த்து மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கீழே இருந்து ஒரு துளி உள்ளே வராத வண்டியிலிருந்து, மேலே இருந்து விழுந்த ஒரு துளியும் வெளியே போகவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. எதையாவது எடுத்து இறைக்கலாம் என்று சீட்டுக்கடியில் கையை விட்டேன். வள்ளங்களில் தண்ணீர் இறைக்க வைத்திருப்பார்களே, கமுகம்பாளை, அது அழகாக மடித்துத் தயாராக இருந்தது. மேஸ்திரி எந்த நிமிஷத்திலும் இதைக் கார் என்று நம்பவில்லை.

ஓரத்துச் சாயாக்கடைப் பெஞ்சில் ஏறி நின்றிருந்த ஒரு மீன்வள்ள முதலாளி எங்களைப் பார்த்தார். அவர் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"சாமீ! எங்கோட்டா?"

"தீவுக்கு!" என்றார் மாமா, குடையைப் பிடித்தபடி, மிடுக்குக் குறையாமல்.

முதலாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் காரின் பக்கத்தைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "அடியில கசிவே இல்லையே! இது ஆரு கட்டினது?"

மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு பக்கத்தில் குவைத் முகத்தோடு உட்கார்ந்திருந்தவனின் தோளில் கை வைத்தார். "என் பிள்ளை."

மேஸ்திரி பக்கத்தில் இருந்திருந்தால் கொலை விழுந்திருக்கும்.

"எனக்கும் ஒண்ணு வேணும் சாமி. இதைவிட நீளமா. சக்கரம் வேண்டா."

மாமா தாடையைத் தடவினார். மிதந்துகொண்டிருப்பதை மறந்துவிட்டு மண்டியில் உட்கார்ந்திருப்பவர் ஆகிவிட்டார். "சக்கரம் இல்லாமலா? அது தனி வேலையாச்சே. யோசிச்சுத்தான் சொல்லணும்."

யோசிக்க விடாமல் அந்த பஸ் துணிந்து பள்ளத்தில் இறங்கியது. அது எழுப்பிய அலை எங்களைத் தூக்கி, முதலாளியின் வேட்டியை நனைத்து, மேட்டில் கொண்டுபோய் மென்மையாக வைத்தது. சக்கரங்கள் தரையைப் பிடித்தன.

அம்மாஞ்சி ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. அவன் நேர்மையானவன். "அப்பா... பஸ் தள்ளித்தான் வந்தது. பந்தயம்..."

எனக்கு அவன் வாயைப் பாளையால் பொத்த வேண்டும் போலிருந்தது.

மாமா பஸ்ஸைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "பஸ் எங்கேடா தள்ளித்து? தண்ணின்னா தள்ளித்து. தண்ணியைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனோ? விடு வண்டியை!"

பாலத்தில் ஏறினோம். கீழே காயல், மேலே மழை, நடுவில் நாங்கள். பாதிப் பாலத்தில் காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தபோது மாமா அதை மடக்கிக் காலடியில் போட்டார். விபூதி வழிந்து மூக்கில் இறங்கியிருந்தது.

"என்னடா மாட்டுவண்டி மாதிரி? கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டேன்!"

ஓட்டினான். பின்னால் தலைமைப் பொறியாளனான நான் பாளையால் தண்ணீரை இறைத்து இறைத்துப் பாலத்தில் ஊற்றிக்கொண்டே தீவு போய்ச் சேர்ந்தேன்.